ஓலைக்கு ஒரு திரை, உரைக்கு ஒரு திரை

ஓர் ஓலைச்சுவடியின் ஏடு 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் எட்டு வரிகள். அந்த ஏட்டைப் படம் எடுத்து, 1366 பிக்சல் அகலமுள்ள லேப்டாப் திரையில் முழு நீளத்துக்கும் விரித்தால் படத்தின் உயரம் 137 பிக்சல்தான் வரும். வரிக்குப் பதினேழு பிக்சல். கொம்பு, கால், சுழி, வளைவு எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். பெரிதாக்கினால் எழுத்து தெளியும். ஆனால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும்.

பழைய ஏடுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் புரியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் ஒன்றுபோலவே இருக்கும். காலா, ரகரமா என்பதைப் பொருளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். (இரட்டைக் கொம்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வீரமாமுனிவர் நம் டெல்டாவுக்குப் பக்கத்துக்காரர்தான், கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர்.) ஆகவே ஒரே பிரதியை வைத்துக்கொண்டு ஒரு நூலைப் பதிப்பிக்க முடியாது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது, பல இடங்களிலிருந்து திரட்டிய பிரதிகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்த பிறகுதான். அன்றைக்கு ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிவைக்க மேசையோ பாயோ போதும். இன்று சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலும் உள்ள சுவடிகளைப் போன்றவற்றை நாம் பெரும்பாலும் படங்களாகவே பார்க்கிறோம். பரப்பிவைக்கும் இடம் திரையாகிவிட்டது. அந்த இடம் 14 அங்குலம் என்றால் ஒப்பிடும் வேலை நடக்காது.

விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், புலப்படத்தையும் பட்டாவையும் ஒத்துப் பார்ப்பவர், பாடநூலை ஒரு பக்கம் வைத்து நிரல் எழுதிப் பழகும் மாணவர் என எல்லோருக்கும் இதே தேவைதான். இரண்டாவது திரையை ஐடி கம்பெனிக்காரர்களின் வசதி என்று ஒதுக்கிவைப்பது சரியல்ல. இரண்டு பிரதிகளை ஒருசேரப் பார்க்க வேண்டிய யாருக்கும் அது வேலைக்கருவி. நம் வட்டாரத்தில் அதற்கு வேண்டிய பாதி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வாங்கித் தந்த லேப்டாப்கள் டெல்டா மாவட்டங்களிலும் லட்சக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வருத்தம்தான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில் முடிந்தது. கட்டற்ற மென்பொருளின் உலகத்தில் அந்தப் பழைய இயந்திரங்களுக்கு இன்னும் இடம் உண்டு. 2 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் நன்றாகவே ஓடும். 4 ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்தால் க்னோம், கேடிஇ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதோடு பழைய மானிட்டர் ஒன்றும் ஒரு கேபிளும் சேர்ந்தால் மேசை தயார்.

கேபிளைச் செருகியதும் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால், பிறகு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகச் சில்லு இருக்கிறது. அதில் 128 பைட் அளவுள்ள ஒரு தன்விவரக் குறிப்பு பதிந்திருக்கும். ஈடிஐடி என்று பெயர். வீசா என்ற தரநிர்ணய அமைப்பு 1994-இல் வகுத்தது. மானிட்டரைத் தயாரித்தவரைக் குறிக்கும் மூன்றெழுத்து, தயாரித்த ஆண்டு, திரையின் நீள அகலம் சென்டிமீட்டரில், அது ஏற்கும் பிக்சல் அளவுகள், நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க முடியும் என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசி பைட் ஒரு சரிபார்ப்பு எண்: 128 பைட்டுகளையும் கூட்டினால் 256-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று பொருள். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இந்தக் குறிப்பைப் படித்து, மானிட்டருக்கு எது இயல்பான அளவோ அதைத் தேர்ந்தெடுக்கிறது.

ஹெச்டிஎம்ஐ கேபிளிலும் சரி, 1987-இல் வந்த பழைய விஜிஏ கேபிளிலும் சரி, இந்தக் குறிப்பைப் படிப்பதற்கென்றே தனிக் கம்பிகள் இருக்கின்றன. விஜிஏவின் 15 ஊசிகளில் 12-ஆவதும் 15-ஆவதும் அவை. மிக மலிவான சில கேபிள்களில் அந்த இரண்டு கம்பிகளை இணைக்காமலே விட்டிருப்பார்கள். அப்போது படம் வரும்; ஆனால் மானிட்டர் யார் என்று லேப்டாப்புக்குத் தெரியாது. கர்னல் பத்திரமான பழைய அளவான 1024×768-க்கு இறங்கிவிடும். அகலத் திரையில் எழுத்துகள் நசுங்கித் தெரியும்; அமைப்புகளில் தேடினாலும் அதைவிடப் பெரிய அளவு கிடைக்காது. 'லினக்ஸில் மானிட்டர் சரியாக வராது' என்ற பேச்சுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்தக் கேபிள்தான். மென்பொருளில் மணிக்கணக்காகத் தேடுவதற்கு முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விஜிஏ பற்றி இன்னொன்று. அதில் போவது அனலாக் சைகை. எந்தப் பிக்சல் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பதை மானிட்டர் ஊகித்துத்தான் ஆக வேண்டும். ஊகம் சற்றே தவறினாலும் எழுத்தின் விளிம்பு மங்கிவிடும். ஆங்கில எழுத்தில் இது அவ்வளவாக உறுத்தாது. 'லு', 'லூ' இரண்டையும் பிரித்தறிய வேண்டிய தமிழில் கண் வலிக்கும். மானிட்டரில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். எழுத்து நிறைந்த வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து அதை அழுத்தினால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். லேப்டாப்பிலும் மானிட்டரிலும் ஹெச்டிஎம்ஐ இருந்தால் விஜிஏவை மறந்துவிடலாம்.

சிலர் ஒரு படி மேலே போய், லேப்டாப்பில் உள்ள விஜிஏ போர்ட்டில் ஒரு மானிட்டரும் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் இன்னொன்றும் செருகி மூன்று திரை வைக்கப் பார்ப்பார்கள். பழைய லேப்டாப் பலவற்றில் இரண்டுதான் எரியும். போர்ட் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆற்றிலிருந்து நான்கு வாய்க்கால்கள் வெட்டியிருந்தாலும் தலைப்பில் மதகு இரண்டுதான் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு வாய்க்காலுக்குத்தானே தண்ணீர் விட முடியும்? கிராஃபிக்ஸ் சில்லிலும் அப்படித்தான். நினைவகத்தில் உள்ள படத்தை வரி வரியாகப் படித்து வெளியே அனுப்பும் சுற்று ஒன்று இருக்கிறது. லினக்ஸ்காரர்கள் அதை சிஆர்டிசி என்பார்கள். படக்குழல் காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு திரைக்கும் ஒரு சிஆர்டிசி வேண்டும். இன்டெலின் 2011-ஆம் ஆண்டுச் சில்லுகளான சாண்டி பிரிட்ஜில் அது இரண்டுதான். அடுத்த ஆண்டு வந்த ஐவி பிரிட்ஜில் மூன்றானது. பழைய லேப்டாப்பில் இரண்டு வெளித் திரைகளும் வேண்டும் என்றால், அமைப்புகளில் லேப்டாப்பின் சொந்தத் திரையை அணைத்துவிட வேண்டும். அப்போது அதற்குப் போன சிஆர்டிசி இரண்டாவது மானிட்டருக்குக் கிடைக்கும்.

இதற்கு மேலும் திரை வேண்டும் என்பவர்கள் யுஎஸ்பி வழியாகப் படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் கருவிகளை வாங்குவதுண்டு. அவற்றின் லினக்ஸ் மென்பொருளில் ஒரு பகுதி மூடிய நிலையில்தான் கிடைக்கிறது. கர்னல் மாறும்போது தகராறு வரலாம். எழுத்து வேலைக்கு அந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கருத்து. அதேபோல் பழைய லேப்டாப்புக்கு 4கே மானிட்டர் வாங்குவதும் வீண். முழு ஹெச்டி படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப வேண்டிய பிக்சல் வேகம் 148.5 மெகாஹெர்ட்ஸ். 4கே-வுக்கு 594. ஹெச்டிஎம்ஐ 1.4 தருவது 340 வரைதான். நொடிக்கு 30 முறைதான் படம் மாறும். சுட்டி நகர்வதே தயங்கித் தயங்கித் தெரியும்.

இனி டெஸ்க்டாப்பின் பங்கு. இரண்டு திரைகள் இருந்தாலும் டெஸ்க்டாப்புக்கு வெளி ஒன்றுதான்: ஆயத்தொலைவுகள் கொண்ட ஒரு பெரிய தளம். ஒவ்வொரு திரையும் அதில் ஒரு செவ்வகத்தைப் பார்க்கிறது. அமைப்புகள் பக்கத்தில் '1', '2' என்று எண்ணிட்ட இரண்டு கட்டங்கள் வரும் அல்லவா, அவற்றை இழுத்து வைக்கும்போது நாம் மாற்றுவது இந்தச் செவ்வகங்களின் இருப்பிடத்தைத்தான். பெரும்பாலானோர் இரண்டையும் பக்கவாட்டில் வைப்பார்கள். சுவடி வேலைக்கு மேலும் கீழுமாக வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஏடு அகலமானது, உயரம் குறைந்தது. 1920×1080 மானிட்டரை நான்கு தடித்த புத்தகங்கள்மேல் தூக்கி வைத்து, அதன் கீழே லேப்டாப்பை வையுங்கள். மேல் திரையின் முழு அகலத்துக்கும் ஏட்டை விரித்தால் உயரம் 192 பிக்சல், வரிக்கு 24. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பிரதிகளின் ஒரே பகுதியை அடுக்கினாலும் 576 பிக்சல்தான் ஆகும். மூன்றுக்கும் நடுவே இடைவெளி விட இடமிருக்கும். கீழே லேப்டாப் திரையில் தட்டச்சு. பார்வை மேலிருந்து நேர் கீழே இறங்கும். கழுத்து பக்கவாட்டில் திரும்ப வேண்டியதில்லை.

கணக்குப்படி மேல் திரை (0, 0) புள்ளியில் தொடங்குகிறது. 1366 அகலமுள்ள கீழ்த் திரையை நடுவில் வைத்தால் அது (277, 1080)-இல் தொடங்கும். இரண்டும் சேர்ந்த வெளி 1920×1848. பிக்சலுக்கு 4 பைட் என்றால் சுமார் 14 மெகாபைட். பழைய சில்லுக்கும் இது பெரிய சுமை கிடையாது. கீழ்ப்பகுதியில் இரு ஓரத்திலும் 277 பிக்சல் அகலத்துக்கு எந்தத் திரையும் பார்க்காத பகுதி மிஞ்சும். சுட்டி மேல் திரையின் மூலையிலிருந்து கீழே வர மறுத்தால் காரணம் அதுதான். சற்று உள்ளே நகர்த்திவிட்டு இறக்குங்கள்.

இந்த இழுத்து வைக்கும் வசதி எளிதாக வந்துவிடவில்லை. எக்ஸ் எனப்படும் வரைகலை அமைப்பு 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. அதில் பல திரைகளை ஒரே வெளியாக இணைக்க ஸினெராமா என்ற நீட்டிப்பு பின்னால் வந்தது. மானிட்டரின் விவரங்களைக் கையால் ஒரு அமைப்புக் கோப்பில் எழுதி, எக்ஸை மூடித் திறக்க வேண்டிய காலம் அது. 2007-இல் ரேண்ட்ஆர் என்ற நீட்டிப்பின் 1.2 பதிப்பு வந்தபிறகுதான் வேலையின் நடுவிலேயே திரையைச் சேர்க்கவும் நகர்த்தவும் முடிந்தது. 2009-இல் கர்னலே திரை அமைக்கும் பொறுப்பை ஏற்றது. இதைச் செய்தவர்கள் எழுதிய நிரல் எல்லோரும் படிக்கும்படி இருப்பதால்தான், பதினைந்து ஆண்டு பழைய சில்லு ஒன்றுக்கு இன்றைய கர்னலிலும் இயக்கி இருக்கிறது. அதைத் தயாரித்த நிறுவனம் கைவிட்ட பிறகும் யாரோ ஒருவர் பராமரிக்க முடிகிறது. பழைய லேப்டாப்பை வைத்து வேலை செய்யும் கிராமத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு எது?

எக்ஸின் இடத்தை இப்போது வேலண்ட் பிடித்துவருகிறது. 2008-இல் தொடங்கிய திட்டம். ஃபெடோராவில் 2016-லும் டெபியனில் 2019-லும் க்னோமுக்கு அதுவே இயல்பானது. இரண்டு திரை வைப்பவர்களுக்கு இதனால் கிடைக்கும் பெரிய நன்மை எழுத்தளவில் இருக்கிறது.

1366×768 உள்ள 14 அங்குல லேப்டாப்பில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 112 பிக்சல்கள். 21.5 அங்குல முழு ஹெச்டி மானிட்டரில் 102. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. சாளரத்தை இங்கிருந்து அங்கே இழுத்தால் எழுத்தின் அளவு பெரிதாக மாறாது. ஆனால் புதிய 14 அங்குல முழு ஹெச்டி லேப்டாப் ஒன்றை, 1366×768 உள்ள பழைய 18.5 அங்குல மானிட்டரோடு இணைத்தால் முதலதில் 157, இரண்டாவதில் 85. 16 பிக்சல் உயரமுள்ள எழுத்து மானிட்டரில் 4.8 மி.மீ.; லேப்டாப்பில் 2.6 மி.மீ. எக்ஸில் முழு வெளிக்கும் எழுத்தளவு ஒன்றுதான். ஒரு திரைக்குச் சரிசெய்தால் மற்றது கெடும். வேலண்டில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனிப் பெருக்கம் வைக்கலாம். லேப்டாப்புக்கு 150 சதவீதம், மானிட்டருக்கு 100 என்று வைத்தால் போதும். முழு எண் அல்லாத பெருக்கத்தில், எக்ஸுக்காக எழுதப்பட்ட பழைய செயலிகளின் எழுத்து மங்கலாம். அப்படி மங்கினால் பெருக்கத்தை 100-லேயே விட்டு, அந்தச் செயலிக்குள் மட்டும் எழுத்தைப் பெரிதாக்குவது கண்ணுக்கு நல்லது.

இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டும் முறையும் உண்டு. ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் பக்கம் ஒரு மானிட்டரைத் திருப்பி வைத்தால், பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்பதை அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். ஓர் இனிஷியல் மாறியதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் ஒரே படம் என்றால் இரண்டு திரையும் ஒரே பிக்சல் அளவுக்கு வர வேண்டும். இரண்டுக்கும் பொதுவான அளவு பெரும்பாலும் சிறியதாக இருக்கும்; எழுத்து மங்கும். அதனால் இணைத்த வெளியாகவே வைத்து, விண்ணப்பச் சாளரத்தை மட்டும் அவர் பக்கத் திரைக்கு அனுப்பலாம். க்னோமில் சூப்பர் விசையையும் (விண்டோஸ் சின்னமுள்ள விசை) ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினால் சாளரம் அடுத்த திரைக்குத் தாவும்.

க்னோமில் இன்னோர் இயல்பும் உண்டு. பணியிடங்களை (வொர்க்ஸ்பேஸ்) மாற்றினால் முதன்மைத் திரை மட்டுமே மாறும். இரண்டாவது திரை அப்படியே நிற்கும். முதலில் பார்க்கிறவர்கள் இதைக் கோளாறு என்று நினைப்பார்கள். ஒப்பிடும் வேலைக்கு இது வரம். ஏடுகள் மேல் திரையில் அசையாமல் இருக்க, கீழே ஒரு பணியிடத்தில் உரை, இன்னொன்றில் அகராதி, வேறொன்றில் குறிப்புகள் என்று மாறிக்கொண்டே இருக்கலாம்.

எது முதன்மைத் திரை என்பதை முடிவு செய்யும்போது நம் ஊர் கரண்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போவது வழக்கம். 2018 கஜா புயலுக்குப் பிறகு பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரண்ட் போனதும் லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணைந்துவிடும். அணைந்துவிட்டது என்பது பல நேரம் லேப்டாப்புக்குத் தெரிவதில்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளின் 18-ஆவது ஊசி வழியாக லேப்டாப்தான் மானிட்டருக்கு 5 வோல்ட் தருகிறது. தன்விவரச் சில்லு அந்த மின்சாரத்திலேயே வேலை செய்யும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும் 19-ஆவது ஊசியின் சைகையும் பல மானிட்டர்களில் அதே 5 வோல்ட்டிலிருந்துதான் வருகிறது. ஆகவே சுவரில் மின்சாரம் இல்லாவிட்டாலும் திரை இருப்பதாகவே டெஸ்க்டாப் நம்பிக்கொண்டிருக்கும். சேமிக்க வேண்டிய சாளரம் இருண்ட திரையில் மாட்டிக்கொள்ளும். கேபிளை உருவிவிட்டால் போதும். சாளரங்கள் எல்லாம் லேப்டாப்புக்கு வந்துவிடும். இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இல்லாத வீட்டில் லேப்டாப் திரையையே முதன்மையாக வையுங்கள். பட்டையும் அறிவிப்புகளும் கடவுச்சொல் கேட்கும் பெட்டியும் பேட்டரியில் எரியும் திரையில் இருக்கும்.

வெளித் திரை இணைந்திருக்கும்போது லேப்டாப் மூடியைச் சாத்தினாலும் இன்றைய லினக்ஸ் பொதுவாக உறங்கப் போகாது. மானிட்டரிலேயே வேலை தொடரும். மேசையில் இடம் இல்லாதவர்களுக்கு வெளி விசைப்பலகையோடு இது நல்ல ஏற்பாடு. விசைப்பலகைப் பக்கமாகச் சூட்டை வெளியேற்றும் லேப்டாப் என்றால் கோடையில் மூடியைத் திறந்தே வைப்பது நல்லது.

ஒரு முறை அமைத்ததை க்னோம் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறது. எந்தப் போர்ட் என்பதோடு, எந்தத் தயாரிப்பாளர், எந்த மாடல், எந்த வரிசை எண் என்பதையும் மானிட்டரின் தன்விவரக் குறிப்பிலிருந்து எடுத்துப் பதிவு செய்கிறது. வீட்டில் மேலும் கீழுமாக ஒன்று, நூலகத்தில் பக்கவாட்டில் ஒன்று, கல்லூரிப் புரொஜெக்டரில் வேறொன்று என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகும் இடமெல்லாம் அதற்குரிய அமைப்பு தானாகத் திரும்பி வரும். போர்ட்டையும் சேர்த்தே அது நினைவில் வைத்துக்கொள்வதால் கேபிளை எப்போதும் அதே போர்ட்டில் செருகுங்கள்.